சான் டியேகோவுக்குப் போனவர்கள்

நேப்பர்வில்
6-10-2024, ஞாயிறு

அன்புள்ள பாப்பா,

அம்மா பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பச்சை ஸ்வெட்டர் அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது. பிடித்திருக்கிறது என்று வாயால் சொல்லவில்லை. ஆனால் நேற்று லெமான்ட் கோயிலுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள்.

பார்சல் மேலே இருந்த முகவரி புதிதாக இருந்தது. அனுப்புநர் இடத்தில் உன் பெயர் மட்டும் இருந்தது. சரி. அந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். 3-பி என்றால் மூன்றாவது மாடியா? மாடி என்றால் நல்லதுதான். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உனக்கு நைட் டூட்டி, போன் எடுக்க முடியாது என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவன் நான். படிக்க வராது என்று சொல்லாதே. மெதுவாகப் படி.

நம் பேஸ்பால் ஆட்களை, சிகாகோ ஒயிட் சாக்ஸைப் பற்றி உன்னிடம் பேசாமல் ஒரு சீசன் முழுசாக முடிந்துவிட்டது. 162 ஆட்டத்தில் 121 தோல்வி. 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் இத்தனை தோற்ற அணி கிடையாது. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றதுதான் இதுவரை உலகம் சிரித்த கணக்கு. மெட்ஸுக்காவது அது முதல் வருஷம். நமக்கு என்ன சாக்கு?

ஜூலை 10-ல் தோற்க ஆரம்பித்தவர்கள் ஆகஸ்ட் 5 வரை நிறுத்தவில்லை. தொடர்ந்து 21. முன்பெல்லாம் மூன்று ஆட்டம் சேர்ந்தாற்போல் தோற்றாலே நீ கூப்பிட்டு, "அப்பா, டிவியை உடைச்சிட்டியா?" என்பாய். இந்த 21-ல் ஒன்றுக்குக்கூட நீ கூப்பிடவில்லை. பன்னிரண்டாவது தோல்வியன்று நானே கூப்பிட்டேன். வாய்ஸ்மெயிலில் மானேஜர் கிரிஃபோலைப் பற்றி ஏதோ திட்டி வைத்தேன். கேட்டிருப்பாய்.

அந்த பெட்ரோ கிரிஃபோலைத்தான் சொல்கிறேன். போன வருஷமே 101 தோற்றவர். அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு இந்த வருஷமும் வைத்திருந்து, 21 தோற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்து, ஆகஸ்ட் 6-ல் ஓக்லாந்தில் ஒருவழியாக ஒன்று ஜெயித்தபிறகு, 8-ம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இடத்தில் தற்காலிகமாக கிரேடி சைஸ்மோர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வீடு எரிந்து முடிந்தபிறகு வாளியைக் கையில் கொடுத்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?

ஆனால் மானேஜரை மட்டும் திட்டி என்ன? ஆளைச் சேர்த்த லட்சணத்தைப் பார். நீ கேட்சராக இருந்தவள், உனக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கும். 37 வயது மார்ட்டின் மால்டொனாடோவைக் கொண்டுவந்து ஜூலை வரை வைத்திருந்தார்கள். பேட்டிங் சராசரி .119. பந்தைப் பிடிக்கத் தெரியும், பிட்சர்களை வழிநடத்தத் தெரியும், அனுபவஸ்தர், எல்லாம் சரி. பத்து தடவை மட்டையைப் பிடித்தால் ஒரு தடவை அடிக்கிறவரை எத்தனை நாளைக்கு வைத்திருப்பது? அவர் ஆடுகிற நாளில் சின்னப் பையன் கோரி லீ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார வைப்பதில் இவர்களுக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

கொடுத்துத் தொலைத்த கணக்கு தனி. 2016-ல் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்கிற 34 வயது பிட்சருக்காக, இன்னும் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாத 17 வயதுப் பையனைத் தூக்கிக் கொடுத்தார்கள். பெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். இந்த மார்ச்சில் டிலன் சீஸையும் கொடுத்தார்கள். போன கையோடு ஜூலையில் அவன் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் போட்டான். இரண்டு பேருமே சான் டியேகோ. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் உன் ஊருக்கே போய்ச் சேருகிறார்கள், போனபிறகு நன்றாக ஆடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, அந்த 120-வது தோல்வியும் உன் ஊரில்தான். நம் ஆட்கள் அங்கே வந்தால் நீ மைதானத்துக்குப் போகாமல் இருந்தது கிடையாது, தெரியும். மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போய், உன் ஊர் அணியான பாட்ரெஸின் கூட்டத்துக்கு நடுவில் அந்தப் பழைய கறுப்புச் சட்டையோடு நின்று படம் அனுப்புவாய். இந்தத் தடவை படம் வரவில்லை. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கிற வரிசைகளை கேமரா காட்டும்போதெல்லாம் டிவியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆறாவது இன்னிங்ஸில் கறுப்புச் சட்டையில் ஒரு பெண் இருந்தாள். எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். நீ இல்லை. அம்மா சமையலறையிலிருந்து, "அந்தப் பந்து எங்கேன்னு தேடறேளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

காருக்கு ஆயில் மாற்றினாயா? போன தடவை வந்தபோது 2,000 மைல் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய். அதை எல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே. உன் கார், நீதான் பார்க்க வேண்டும்.

அந்த 120-வது தோல்விக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நான் தனியாக மைதானத்துக்குப் போனேன். "தோக்கறதைப் பார்க்கக் காசு கொடுத்துப் போற ஒரே ஆள் நீங்கதான்" என்றாள் அம்மா. ஒரே ஆள் இல்லை. 121-வதை நேரில் பார்க்க வேண்டும் என்றே நிறையப் பேர் வந்திருந்தார்கள். அணியை விற்றுத் தொலை என்று ஓனரைப் பார்த்துக் கோஷம் வேறு. ஏழு இன்னிங்ஸ் வரை 2-0 என்று பின்தங்கியிருந்துவிட்டு, எட்டாவதில் மூன்று ரன் எடுத்து ஜெயித்துவிட்டார்கள். என் பக்கத்து சீட்டுப் பையனுக்கு முகம் தொங்கிப்போனது. தோற்றால்தான் சரித்திரமாம். நான் மட்டும் எழுந்து கை தட்டினேன். 1988-ல் இங்கே சிகாகோவில் இல்லினாய்ஸ் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ். படிக்க வந்தவன் நான். (ஊரில் எல்லோரும் மெட்ராஸ் ஐ.ஐ.டி. என்று நினைத்துக்கொண்டு தாத்தாவிடம் துக்கம் விசாரித்தது உனக்குத் தெரியும்.) 35-வது தெருவில் ரயிலை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் காலேஜ், ஒரு பக்கம் நம் ஆட்களின் பழைய மைதானம் கமிஸ்கி பார்க். 1990-ல் அதை மூடினார்கள், அடுத்த வருஷம் எதிரிலேயே புதிது கட்டித் திறந்தார்கள். இரண்டையும் பார்த்தவன் கை தட்டாமல் வருவானா? வெள்ளிக்கிழமை டெட்ராய்ட் போய் அந்த 121-ஐயும் தோற்றார்கள். அதை விடு.

ஓனரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரைன்ஸ்டார்ஃப் 1986-ல் மானேஜர் டோனி லா ரூசாவை வேலையை விட்டு அனுப்ப விட்டுவிட்டார். அனுப்பியவர் நாம் வருஷக்கணக்காக டிவியில் கேட்டு ரசித்த ஹாக் ஹாரல்சன், அப்போது அவர்தான் ஜெனரல் மானேஜர். லா ரூசா போன இடத்தில் எல்லாம் ஜெயித்தார், ஓக்லாந்தில் ஒரு சாம்பியன்ஷிப், செயின்ட் லூயிஸில் இரண்டு. ரைன்ஸ்டார்ஃப் 34 வருஷம் அதையே நினைத்து மனசு வெந்து, 2020-ல் 76 வயதுக் கிழவரை மறுபடி கூட்டிவந்து உட்கார வைத்தார். பழைய தப்பைச் சரிசெய்கிறாராம். அந்த ட்ரே டர்னர் விஷயம் ஞாபகம் இருக்கிறதா? 2022 ஜூன். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தாகிவிட்டது, இன்னும் ஒன்று போட்டால் அவுட். அந்த ஆளை சும்மா முதல் பேஸுக்கு நடக்க விட்டார். கூட்டத்தில் ஒருத்தர் "ரெண்டு ஸ்ட்ரைக் ஆச்சு, டோனி!" என்று கத்தியது டிவியில் கேட்டது. அடுத்து வந்த மேக்ஸ் மன்சி பந்தை வேலிக்கு வெளியே அடித்தார், மூன்று ரன் ஹோமர். அன்று ராத்திரி நீ கூப்பிட்டு அரை மணி நேரம் சிரித்தாய். பின்னால் மாப்பிள்ளை என்ன சிரிப்பு என்று கேட்க, நீ முதலிலிருந்து சொன்னாய். கடைசியாக உன் சிரிப்பை அவ்வளவு நேரம் கேட்டது அன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கதவுத் தாழ்ப்பாளைப் பற்றி எழுது.

போன வாரம் காஸ்ட்கோவில் உன் சாப்ட்பால் கோச்சைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகி, முடி எல்லாம் கொட்டி, நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "என் கேட்சர் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். என் கேட்சர் என்றுதான் சொன்னார், பாப்பா. நான் நன்றாக இருக்கிறாள், சான் டியேகோ, டாக்டர் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். முட்டை வாங்க மறந்துபோனேன்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று பக்கம் கிரிஃபோலைத் திட்டியாகிவிட்டது.

2009 மார்ச். ஜிம் கதவில் ஒட்டிய சாப்ட்பால் அணிப் பட்டியலில் உன் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து உன் கேட்சர் கையுறையை, அந்த மிட்டை, கராஜ் சுவரில் எறிந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆளுக்கு ஆளை எடுக்கத் தெரியவில்லை, அவனெல்லாம் ஒரு கோச்சா என்றேன். உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கு நாலு நாள் முன்னால் ஆபீஸிலிருந்து மத்தியானம் கிளம்பி அவரைப் போய்ப் பார்த்தேன். அந்த வருஷம் உனக்குப் பெரிய பரீட்சை, கெமிஸ்ட்ரியில் பி வாங்கியிருந்தாய். அவளைச் சேர்க்காதீர்கள் என்றேன். "இவளைவிட நல்ல கேட்சர் என்னிடம் இல்லை, அவளே வந்து சொல்லட்டும்" என்றார். அவளுக்கே விருப்பம் இல்லை, உங்களிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள், நான் வந்து பேசியது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சரி என்றார். இத்தனை வருஷமாக நீயே விலகிக்கொண்டாய் என்று அவரும், அவர் உன்னைக் கழித்துக்கட்டினார் என்று நீயும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்தது. அதே வருஷம் ஜூலை, மார்க் பர்லியின் பெர்ஃபெக்ட் கேம், எதிரணியில் ஒருத்தரைக்கூட பேஸுக்கு விடாத ஆட்டம். மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் ரேடியோவில் கேட்டோம். ஒன்பதாவது இன்னிங்ஸில்தான் அப்போதைய மானேஜர் கியென் அந்த டிவேன் வைஸை உள்ளே அனுப்பினார். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அவன் சுவரில் ஏறி ஹோமரைப் பிடித்தான், கை நழுவி, மறுபடி பிடித்தான். நீ டேஷ்போர்டைக் குத்திக் கத்தினாய். எல்லாம் முடிந்தபிறகு சொன்னாய்: "இவர்தாம்ப்பா மானேஜர். யாரை எப்ப உள்ள விடணும்னு தெரியுது. எங்க கோச்சும் இருக்காரே." நான் ஏ.சி.யைக் கூட்டி வைத்தேன்.

நீ டாக்டரானது அந்த மார்ச் மாசத்தால்தான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டதுண்டு. அப்படி இருக்காது. ஆடிக்கொண்டே படித்திருப்பாய். 2005-ல் சாக்ஸ் 88 வருஷம் கழித்து சாம்பியன்ஷிப் ஜெயித்த வாரம், ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஆட்டம் பார்த்துவிட்டு விடிந்து கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நீ.

அதற்குப் பிறகு இன்னொரு தடவையும், யார் எங்கே ஆடுவது என்கிற லைன்-அப் அட்டையை நானேதான் எழுதினேன். நீ யோசிக்க வேண்டும் என்று இரண்டு மாசம் கேட்டாய். நான் நல்ல இடம், நல்ல குடும்பம் என்று மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை. நீ எழுதினால் படிக்கிறேன். எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் முகவரியைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த அட்டைப்பெட்டியை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள், குப்பையில் போடவில்லை.

இந்தப் பார்சலில் பருப்புப் பொடி ஒரு கிலோ, நார்த்தங்காய், உன் மிட் இருக்கிறது. மிட் கராஜில் பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. தோல் காய்ந்து விறைத்துப்போயிருந்தது. இரண்டு ராத்திரி எண்ணெய் தேய்த்து வைத்தேன். கட்டைவிரல் பக்கம் தையல் விட்டிருக்கிறது, அதை நீதான் பார்க்க வேண்டும்.

அடியில் ஒரு தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன். பித்தளை. ஸ்க்ரூ நாலும் தனிக் கவரில் இருக்கிறது, தொலைத்துவிடாதே. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டு. டிரில் வேண்டாம், பென்சிலால் குறித்து, ஆணியால் சின்னதாக ஒரு ஓட்டை போட்டுத் திருகினால் போதும். பழைய வீட்டில் மாட்டும்போது நீதான் டார்ச் பிடித்தாய், ஞாபகம் இருக்கும்.

அப்பா

பி.கு.: ஆயில் 5டபிள்யூ-20. வேறு எதையும் ஊற்ற விடாதே.