அண்ணனின் மெஷினும் உங்கள் வெள்ளைப் பூவும்

அன்புள்ள மதினிக்கு,

பாளையங்கோட்டையில் எல்லோரும் சுகம். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பட்டாசலில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலியோரம் ஸ்னோடிராப், அந்தக் குளிர் தேசத்து வெள்ளைப் பூச்செடி, நாலே நாலு குத்து. 50 கிழங்கு வாங்கி நட்டு ஏழு வருஷம் ஆகிறது, பக்கத்து வீட்டில் வெள்ளை ஜமுக்காளம் விரித்த மாதிரிக் கிடக்கிறது, நமக்குத்தான் கைராசி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருஷம் பாட்டனி நடத்தியவளிடம் கைராசிக் கதை எடுபடாது மதினி. குற்றவாளிகள் இரண்டு பேர். ஒன்று கடையில் வாங்கின அந்தக் காய்ந்த கிழங்கு. இன்னொன்று எங்கள் அண்ணன்.

உள்ளியை, அதுதான் சின்ன வெங்காயத்தை, வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். பெரிய வெங்காயமான பல்லாரியை நாற்று விட்டு நடுவோம். ஒரு நாற்றுக்கு ஒரு வெங்காயம், அவ்வளவுதான். உள்ளி ஒன்றை ஊன்றினால் அதுவே மண்ணுக்குள் பிரிந்து, பிடுங்கும்போது கொத்தாக வரும். ஸ்னோடிராப் இந்த விஷயத்தில் உள்ளி சாதி. குடும்பமும் ஒன்றுதான், ஆனால் இது விஷம். பேரப்பிள்ளைகள் வெங்காயம் என்று வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் செடி வகையிலிருந்து 1950களில் பிரித்தெடுத்த கேலன்டமைன் இன்று அல்சைமர் மறதி நோய்க்கு மாத்திரையாக இருக்கிறது என்பது வேறு கதை.

தாய்க்கிழங்கின் பக்கத்தில் குட்டிக்கிழங்கு பிறக்கும். அது வளர்ந்து தானும் பூப்பதற்கு ஒன்றிரண்டு வருஷம் ஆகும். இதற்கெல்லாம் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? பூ முடிந்தபின் நீளமாகி, தொங்கி, மஞ்சளாகி, பார்க்கச் சகிக்காமல் கிடக்குமே அந்த இலை, அதுதான் கிழங்குக்குச் சோறு ஊட்டுகிறது. அடுத்த வருஷத்துப் பூவுக்கும் அதுதான் ஆதாரம். போன ஏப்ரலில் நீங்கள் அனுப்பிய வீடியோவில் அண்ணன் என்ன செய்துகொண்டிருந்தார்? முதல் வெயிலைக் கண்டதும் புல் வெட்டும் மெஷினை எடுத்துக்கொண்டு வேலி வரைக்கும் வழித்து எடுத்துக்கொண்டிருந்தார். பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்த கதைதான். அப்புறம் எங்கே குட்டி போடும்?

கடைக் கிழங்கு சமாச்சாரம் சின்னது. ஸ்னோடிராப் கிழங்கு உள்ளி மாதிரி மாதக்கணக்கில் பரணில் கிடந்து தாங்காது, சீக்கிரம் வற்றிப்போகும். அதனால்தான் அங்கே விவரம் தெரிந்தவர்கள் பூ முடிந்த கையோடு, இலை பச்சையாக இருக்கும்போதே தோண்டிப் பிரித்து நடுவார்கள்.

எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததைச் சொல்கிறேன். புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வெள்ளை ரெயின் லில்லி இருக்கிறதல்லவா, கோடை மழை ஒன்று பெய்தால் நாலாம் நாள் பூத்து நிற்குமே, அதுவும் இதே குடும்பம். மூன்று வருஷம் முன்னால் அஞ்சு கிழங்கு வைத்தேன். களைக்கொத்தியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு நெம்பினேன், தேங்காய் அளவு கட்டியாக வந்தது. வாளித் தண்ணீரில் முக்கி ஆட்டியதும் மண் கரைந்து வெள்ளை வேர்கள் தெரிந்தன. பெரிய கிழங்கை ஒட்டிச் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு குட்டி, அந்தக் குட்டியின் இடுப்பிலும் மிளகு மாதிரி ஒன்று. எண்ணினேன், 42. கத்தி வேண்டியதில்லை, விரலாலேயே பிரிந்தது.

நீங்களும் பங்குனியில் அந்த நாலு குத்தையும் இப்படியே எடுங்கள். ஒற்றை ஒற்றையாகச் சிதறடிக்காமல் மூன்று மூன்றாக, சாண் இடைவெளி விட்டு, முன்பு மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இருந்ததோ அதே ஆழத்தில் வையுங்கள். தண்டின் அடியில் வெளுத்திருக்கிற பாகம்தான் அளவு. உடனே தண்ணீர் ஊற்றுங்கள். இலையுதிர்க்கிற மரத்தடி, ஈரம் காயாத மண் என்றால் உத்தமம். மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை இப்படிப் பிரித்தால் போதும்.

பக்கத்து வீட்டில் புல்வெளி நடுவிலும் அங்கங்கே முளைத்திருக்கிறது என்றீர்களே, அது எறும்பு வேலையாக இருக்கும். ஆமணக்கு விதை நுனியில் ஒரு குமிழ் இருக்குமே, அந்த மாதிரி இந்த விதையிலும் எறும்புக்குப் பிடித்த சதை ஒட்டியிருக்கும். இழுத்துக்கொண்டு போய்ச் சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். அது முளைத்துப் பூக்க மூன்று நாலு வருஷமாவது வேண்டும். ஆனால் உங்களுடையது அடுக்குப் பூ. அடுக்கில் விதை பிடிப்பது அபூர்வம், எறும்பை நம்பிப் பிரயோஜனமில்லை, கைதான் பிரிக்க வேண்டும்.

சித்திரையில் வரும்போது எனக்கு நாலு கிழங்கு கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் மதினி. இது நாடு விட்டு நாடு போக சைட்டீஸ், அதாவது அருகிவரும் செடி, விலங்குகளின் வியாபாரத்துக்கான உலக ஒப்பந்தம், அதன் கட்டுப்பாடு உள்ள செடி, அனுமதிச் சீட்டு இல்லாமல் பெட்டியில் வைக்கக் கூடாது. கொண்டு வந்தாலும் அதற்குக் குளிர்காலம் வேண்டும், நம் ஊர் மார்கழியிலும் ஃபேன் ஓடுகிற ஊர். ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்க்கிற ஆசை எனக்கில்லை. பதிலுக்கு இந்த 42-இல் பத்தைத் தொட்டியில் வைத்து மாடியறை ஜன்னலில் நிறுத்தியிருக்கிறேன், நீங்கள் வரும்போது ஒரு மழை பெய்தால் உங்கள் கண்ணெதிரே பூக்கும்.

அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: வைகாசி பிறக்கும் வரை வேலியோரம் மெஷின் போகக் கூடாது. கேட்கவில்லை என்றால் சாவியை ஒளித்து வையுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்