புது அம்பு இப்போது வேண்டாம், மகள்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கும் கோணேசர் துணை. இங்கே கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் உவர்மலைப் பக்கம் வெளியே தலைகாட்ட முடியவில்லை. ரொறன்ரோவில் இப்போதுதான் நல்ல வெயில் என்கிறாய். வெளியில் நின்று அம்பு விட அதுதான் காலம்.

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொடக்கத்தில் ஆறு அம்பும் இலக்கின் நடுவில் இருக்கும் மஞ்சளிலும் சிவப்பிலும்தான். கடைசிப் படத்தில் நடுவை விட்டு விலகி ஒன்று மேலே கறுப்பில், இரண்டு கீழே நீலத்தில். அதற்காக ஒரு செட் அம்பு வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. நின்றுபோன வண்டியை, இஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொண்டுவந்தால் பிளக், காபரேட்டர், எண்ணெய்க் குழாய் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவன் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். அப்படி மாற்றி இஞ்சின் ஓடினாலும் எது கோளாறு என்று தெரியாமலே போய்விடும்.

முதலில் அம்புகளுக்கு எண் போடு. இறகில் மார்க்கரால் எழுதினால் போதும். பிறகு எந்த எண் எங்கே விழுந்தது என்று ஒவ்வொரு சுற்றுக்கும் தாளில் குறித்து வை. ஒரே எண் திரும்பத் திரும்ப வெளியே போனால் குற்றம் அந்த அம்பில். நொக்கில், அதாவது நாணில் பூட்டும் அம்பின் பின்நுனியில், வெடிப்பு இருக்கிறதா, முனை ஆடுகிறதா, இறகு கிளம்பியிருக்கிறதா என்று பார். காபன் தண்டை இரு கையாலும் மெல்ல வளைத்துக் காதருகே பிடி. நெரியும் சத்தம் கேட்டால் அதைத் திரும்ப நாணில் வைக்காதே. வில்லில் வைத்து உடைந்தால் சிராய் கையைக் குத்திக்கொண்டு போகும், விளையாட்டில்லை. நொக் நாணில் பிடிக்கும் அளவும் முக்கியம்: தொங்கவிட்டால் நிற்க வேண்டும், நாணை விரலால் ஒரு தட்டு தட்டினால் கழன்று விழ வேண்டும்.

எண் மாறி மாறி வெளியே போனால் அம்பை விடு, சிதறலின் வடிவத்தைப் பார். எல்லாம் நெருக்கமாக விழுந்து நடுவை மட்டும் தவறினால் அது சைட் வேலை, வில்லில் குறிபார்க்கப் பூட்டியிருக்கிறதே அது. அம்பு இடப்பக்கம் போனால் சைட்டையும் இடப்பக்கம் தள்ளு. சைட் அம்புக் கூட்டத்தை நகர்த்தும், சிதறலைச் சேர்க்காது. பக்கவாட்டில் பரவினால் விடும்போது விரல் முகத்தை விட்டு வெளியே இழுபடுகிறதா, கைப்பிடியை முறுக்குகிறாயா, காற்றா என்று பார்க்க வேண்டும்.

உன் சிதறல் மேலும் கீழுமாக இருக்கிறது. அதுவும் முதல் சுற்றுகளில் இல்லை, பிந்தித்தான் வருகிறது. இதுதான் என்னை யோசிக்க வைத்தது. அம்பின் விறைப்பு உன் வில்லுக்குப் பொருந்தாவிட்டால் அது முதல் அம்பிலிருந்தே தெரியும், பெரும்பாலும் இடம் வலமாகத்தான் காட்டும். களைத்த பிறகு மட்டும் வருகிற கோளாறு அம்பில் இருக்காது, பிள்ளை.

போன மாதம் லிம்மை, அதாவது வில்லின் வளையும் பகுதியை, மாற்றி இழுக்கும் பாரத்தை 4 இறாத்தல் கூட்டினாய் அல்லவா? 70 மீற்றரில் எல்லாச் சுற்றும் சேர்த்து 72 அம்பு. நாற்பதாவது அம்புக்குப் பிறகு, முழுதாக இழுத்ததும் சத்தம் போடும் அந்தக் கிளிக்கர் தகடு தட்டும் வரை முதுகால் இழுத்து நிற்க உடம்பில் பலம் இல்லாமல் போகிறது. அப்போது தட்டின கையோடு தோள் தளர்கிறது, நாண் முழு விசையோடு போகாது, அம்பு கீழே விழும். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததை வலிந்து இழுக்கிறாய், அது மேலே. நீ அனுப்பிய வீடியோவில் இன்னொன்றும் கண்டேன்: அம்பு போய்ச் சேருமுன்னே வில் பிடித்த கை சரிகிறது. எங்கே குத்தியது என்று பார்க்கிற அவசரம். 70 மீற்றரைக் கடக்க அம்புக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல்தான் வேண்டும். அதுவரை கையை அப்படியே வைத்திரு.

நாண் உயரத்தையும், அதாவது கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையிலுள்ள தூரத்தையும், அளந்து சொல். புது நாண் இழுபட்டு நீளும், உயரம் குறையும், அம்பு விழும் இடமும் மாறும். குறைந்திருந்தால் நாணை இன்னும் சில முறுக்கு முறுக்கு. நாணில் நொக் பூட்டும் இடத்துக்கு மேலே கட்டிய நூல் நழுவியிருக்கிறதா என்றும் பார். இவை சரியாக இருந்தால் லிம்மைக் கைப்பிடியோடு பிடித்திருக்கும் லிம் போல்ட்டைத் தளர்த்தி, உற்பத்தியாளர் சொன்ன எல்லைக்குள், 2 இறாத்தல் குறைத்துவிடு. சங்கடப்படாதே, பலம் கூடினால் திரும்ப ஏற்றலாம். இறகில்லாத அம்பை விட்டுப் பார்க்கும் சோதனை இப்போது வேண்டாம். இறகுள்ள அம்புகளே ஓரிடத்தில் சேராதபோது அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

இரண்டு கிழமைக்கு இப்படிச் செய்து குறிப்புத் தாள்களை அனுப்பு. நல்ல சுற்று மட்டும் அனுப்பாதே, கெட்டதுதான் எனக்கு வேண்டும். அதற்குப் பிறகும் அம்புதான் என்றால் காசு நான் போடுகிறேன்.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. யாராவது அங்கே வருகிறார்களா என்று கேட்டுச் சொல்.

அப்பா