அப்பாவின் நோட்டும் எங்கள் டேட்டாபேஸும்

கோயம்புத்தூர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

புராஜெக்டுக்காக வாங்கி வந்த உன் அப்பாவின் கடை நோட்டு பத்திரமாக இருக்கிறது. அட்டை மட்டும் கொஞ்சம் கிழிந்துவிட்டது; பஸ்ஸிலேயே கிழிந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை. பொங்கலுக்கு வரும்போது புது அட்டை போட்டு நானே கொண்டுவந்து தருகிறேன். பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே, அம்மா போனில் சொன்னாள்.

புராஜெக்ட் முடிந்தது. டேட்டாபேஸ் (கம்ப்யூட்டரில் தகவலை ஒழுங்காகச் சேர்த்துவைத்துத் தேடி எடுப்பது) பாடத்துக்கு நான்கு பேர் சேர்ந்து ஏதாவது ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். எல்லா டீமும் நூலகம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் வாடகைப் பாத்திரக்கடை என்றேன். "அண்டாவுக்கு எதுக்குடா டேட்டாபேஸ்" என்று என் டீமே சிரித்தது. உங்கள் கடை நோட்டைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவே அரை மணி நேரம் ஆனது, அப்பாவின் கையெழுத்து அப்படி.

முதலில் நோட்டில் இருக்கிற மாதிரியே ஒரே டேபிள், அதாவது அட்டவணை, போட்டோம். தேதி, பெயர், சாமான், அட்வான்ஸ், பாக்கி. சாமான் கட்டத்தில் "அண்டா 2, ஜமுக்காளம் 4, கரண்டி 6" என்று அப்பா எழுதியதை அப்படியே அடித்தோம். பிறகு, வைகாசி முகூர்த்தத்தில் எத்தனை அண்டா வெளியே போனது என்று கேட்டால் கம்ப்யூட்டர் முழிக்கிறது. அதற்கு அந்த வரி முழுவதும் ஒரே எழுத்துச் சரம்தானே. 1970-ல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் என்பவர்தான் தகவலையெல்லாம் டேபிள்களாக வைக்கலாம் என்று கட்டுரை எழுதியவர். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்பது அவர் வழி வந்த முதல் விதி. தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்திருந்தேன். அண்டாவை எண்ண முடியாமல் உட்கார்ந்தபோதுதான் எதற்கு அந்த விதி என்று தெரிந்தது. உடைத்து நான்காக்கினோம்: வாடிக்கையாளர், சாமான், ரசீது, ரசீதின் ஒவ்வொரு வரி.

இதில் பெரிய சண்டை வந்தது வாடகையை எங்கே வைப்பது என்பதில். சாமான் டேபிளில் அண்டாவுக்கு நேராக வாடகை இருக்கிறது, மறுபடி ரசீது வரியிலும் எதற்கு, ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று டீமில் ஒருத்தி பிடிவாதமாக நின்றாள். புத்தகப்படி அவள் சொன்னது சரி. ஆனால் ஆடியில் அப்பா அண்டா வாடகையை ஏற்றினாரே, ஞாபகம் இருக்கிறதா? சாமான் டேபிளில் விலையை மாற்றிய நொடியில் சித்திரையில் வாங்கிப் போனவர்களின் பழைய பில்லும் ஏறிவிட்டது. பணம் கட்டி முடித்தவர்கள் எல்லாரும் திடீரென்று கடன்காரர்கள்! "இன்றைய வாடகை", "அன்றைக்குப் பேசிய வாடகை" இரண்டும் வெவ்வேறு தகவல் என்று அவள் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. அப்பா என்னவோ ஒவ்வொரு வரியிலும் அன்றைய வாடகையை எழுதியேதான் வைத்திருக்கிறார்.

போன் நம்பர் கூத்தைக் கேள். அதுவும் எண்தானே என்று முழு எண்ணாக வைத்தோம். லேபில் இருந்த டேட்டாபேஸ் மென்பொருள், பழைய மைஎஸ்க்யூஎல், கண்டிப்பு காட்டாத வகை: கொள்ளாத எண்ணைக் கொடுத்தால் மறுக்காமல், கொள்ளும் அளவுக்குக் குறைத்து வைத்துக்கொள்ளும். முழு எண் கட்டத்தில் 2147483647 வரைதான் கொள்ளும். நம் ஊர் மொபைல் நம்பர் எல்லாமே அதைவிடப் பெரிது. பார்த்தால் உங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ஒரே நம்பர். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அதை எழுத்தாகவே வை என்றார் சார்.

பெயரில் இன்னும் சிக்கல். இணையத்தில் பார்த்த மாதிரியில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப்பெயர்? இனிஷியலை எங்கே போடுவது? அதோடு நோட்டில் மூன்று பாண்டி. அப்பா "டீக்கடை பாண்டி", "மேலத்தெரு பாண்டி" என்று பிரித்திருக்கிறார், மூன்றாமவர் வெறும் பாண்டி. கடைசியில் ஆளுக்கு ஒரு எண் கொடுத்தோம், பிரைமரி கீ என்று. அப்பா அண்டாக்களில் பெயர் வெட்டி, பக்கத்திலேயே நம்பரும் வெட்டி வைத்திருக்கிறாரே, அதே வேலைதான். கரண்டியில் நம்பர் கிடையாது என்பதையும் கவனித்தேன். அண்டா ஒவ்வொன்றும் தனி ஆள். கரண்டிக்கு எண்ணிக்கை போதும். எங்கள் டேபிளும் அப்படியே பிரிந்தது.

ரிவ்யூவுக்கு முந்தைய இரவு ஒரு விபரீதம். சோதனைக்குப் போட்ட ஒரு ரசீதை அழிக்கப் போய், எதை அழிப்பது என்று சொல்லும் நிபந்தனையை எழுதாமல் கட்டளையைத் தட்டினேன். ஆமாம், நானேதான். ரசீது டேபிள் மொத்தமும் காலி. டிரான்சாக்‌ஷன் (உறுதிசெய்யும்வரை மாற்றத்தை நிலையாக்காத ஏற்பாடு) தொடங்கிவிட்டுச் செய்திருந்தால் ரோல்பேக் என்று ஒரு வார்த்தையில் திரும்பியிருக்கும். பேக்கப் இருந்தது, நான்கு நாள் பழையது. நால்வரும் நோட்டைப் பங்கு போட்டு விடிய விடிய அடித்தோம். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சரி, இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். நோட்டில் சில வரிகளில் வாடகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது. போனில் அப்பாவிடம் கேட்டேன். "துக்க வீடுப்பா, அதுக்கெல்லாம் வாடகை வாங்குறதில்ல" என்றார். அதற்கு பூஜ்யம் போட்டோம். ஆனால் இரண்டு வரியில் கோடும் இல்லை, வெறுமனே விட்டிருக்கிறார். அந்த இடத்துக்கு டேட்டாபேஸில் நல் (NULL) என்று பெயர், அதாவது என்னவென்று தெரியாது. பூஜ்யமும் அதுவும் ஒன்றல்ல. சராசரி வாடகை போட்டால் பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும், நல்லை எட்டிப் பார்க்காமல் விட்டுவிடும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், சார் சரியாக அந்த இரண்டு வரியில் விரலை வைத்து, "இது பாக்கியா, தர்மமா?" என்றார். "கடைக்காரரைக் கேட்க வேண்டும் சார்" என்றேன். சிரித்துவிட்டு மார்க் போட்டார்.

பக்கம் 31, கீழிருந்து மூன்றாவது, நான்காவது வரி. ஐப்பசி மாதம், இரண்டு பெரிய அண்டா, ஒரு ஜமுக்காளம். வெறும் பாண்டியின் பெயரில். அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு எழுது.

உன்
மச்சான்