மனித-கணினி ஊடாட்டம் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, பணிச்சூழலியலும் (கருவிகளையும் வேலையையும் மனிதருக்கு ஏற்றபடி அமைக்கும் துறை) சேர்ந்த இந்தப் படிப்பை அழகான திரை வரையும் படிப்பு என்று நினைத்துச் சேராதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள் தரையிறங்கிய பிறகு இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்பை (flap) இயக்கப் போய்ச் சக்கரத்தையே மடக்கிவிட்டார்கள், இரண்டு சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்ததுதான் காரணம் என்று பார்த்த உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ், சக்கரத்துக்கான சுவிட்சுக்குச் சக்கர வடிவத்திலும் இறக்கை மடிப்புக்கான சுவிட்சுக்கு ஆப்பு வடிவத்திலும் கைப்பிடி வைத்தார். ஆளைக் குறை சொல்லாமல் வடிவமைப்பைச் சந்தேகிக்கும் அந்தப் பார்வைதான் இங்கே வேண்டும்.

அப்புறம், புள்ளியியலைத் தூசு தட்டிக்கொள்ளுங்கள், சோதனை நடத்த அது கட்டாயம் தேவைப்படும். விண்ணப்பத்தில் படங்களைக் குவிப்பதைவிட, யாரைக் கவனித்தீர்கள், அவர் எங்கே தடுமாறினார், அதன் பிறகு எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். நோக்கக் கடிதத்தை இங்கே போட்டால் பொறுமையாகப் படித்துச் சொல்கிறேன்.