கிராஸ்பிளே நிபந்தனைகளை வெளியில் சொல்லுங்கள்: பிளேஸ்டேஷன் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

சோனி இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஹிதெயாகி நிஷினோ அவர்களுக்கு,

வணக்கம்.

பிளேஸ்டேஷன் 2 காலத்திலிருந்து உங்கள் கன்சோல்களில்தான் விளையாடி வருகிறேன். வேறு கன்சோலுக்கு மாறும் எண்ணமும் இல்லை. அதனால் இதைப் போட்டி நிறுவனத்தின் ரசிகர் யாரோ சண்டைக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு வேறு கன்சோல் வைத்திருக்கும் நண்பர்கள் ஒரே கேமில் சேர்ந்து விளையாட (கிராஸ்பிளே என்பது இதுதான்), அந்த கேமை வெளியிடும் நிறுவனத்திடம் நீங்கள் என்ன நிபந்தனை போடுகிறீர்கள்? அதை உங்கள் வாயால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இதுவரை எங்களுக்குத் தெரிந்ததில் முக்கியமானதெல்லாம் நீதிமன்றத்தில் தாக்கலான காகிதங்கள் வழியாகத் தெரிந்தவை.

2018 ஜூனில் எபிக் நிறுவனத்தின் ஃபோர்ட்நைட் கேம் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்தது. பிளேஸ்டேஷன் 4-இல் விளையாடிக்கொண்டிருந்த பலர் அதே எபிக் அக்கவுன்ட்டைக் கொண்டு ஸ்விட்ச்சில் நுழையப் பார்த்தார்கள். முடியவில்லை. பிளேஸ்டேஷனோடு ஒருமுறை இணைத்த அக்கவுன்ட் ஸ்விட்ச்சில் செல்லாது என்று திரையில் வந்தது. காசு கொடுத்து வாங்கிய உடைகள், மாதக்கணக்கில் விளையாடிச் சேர்த்த நிலைகள் எல்லாம் அங்கேயே மாட்டிக்கொண்டன. சில நாள் கழித்து நீங்கள் விட்ட அறிக்கையில் 7.9 கோடி பிளேஸ்டேஷன் 4 விற்றிருக்கிறது, மாதம் 8 கோடிக்கு மேற்பட்டோர் உங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறார்கள் என்ற கணக்கு இருந்தது. ஸ்விட்ச்சில் ஏன் முடியாது என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, மைன்கிராஃப்ட் கேம் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸையும் ஸ்விட்ச்சையும் கணினி, போன்களையும் இணைக்கப் போகிறது, பிளேஸ்டேஷன் அதில் இல்லை என்ற செய்தி வந்தபோது, அப்போது உங்கள் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்த ஜிம் ரயன் ஒரு காரணம் சொன்னார். மைன்கிராஃப்ட் விளையாடுவோரில் சிறுவர்கள் அதிகம், எங்கள் கண்காணிப்புக்கு வெளியே இருப்பவர்களிடம் அவர்களை விடுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்றார். குழந்தைகள் பாதுகாப்பை நான் லேசாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை. ஆனால் 2018-இல் பிளேஸ்டேஷன் 4-இல் ஃபோர்ட்நைட் ஆடிய சிறுவன் கணினியில் இருப்பவரோடும் ஐபோனில் இருப்பவரோடும் ஆடிக்கொண்டுதான் இருந்தான். கதவு மூடியிருந்தது எக்ஸ்பாக்ஸுக்கும் ஸ்விட்ச்சுக்கும் மட்டும். கணினியில் இருக்கும் அந்நியரிடம் வராத ஆபத்து எக்ஸ்பாக்ஸில் இருக்கும் அந்நியரிடம் மட்டும் எப்படி வரும்?

தொழில்நுட்பத்தையும் காரணமாகச் சொல்ல முடியாது. ஃபைனல் ஃபேன்டசி 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இலேயே பிளேஸ்டேஷன் 2 வைத்திருந்தவரும் எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்தவரும் அதில் ஒரே சர்வரில் சேர்ந்து ஆடினார்கள். 2017 செப்டம்பரில் ஃபோர்ட்நைட்டிலும் பிளேஸ்டேஷன் 4 ஆட்டக்காரர்களும் எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆட்டக்காரர்களும் திடீரென்று ஒரே ஆட்டத்தில் சந்தித்துக்கொண்டார்கள். அமைப்பில் நேர்ந்த பிழை என்று சொல்லி எபிக் அதைச் சரிசெய்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைப் பிழை என்று சரிசெய்ய வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

அப்புறம் 2018 செப்டம்பர் 26 அன்று ஃபோர்ட்நைட்டுக்கு மட்டும் கதவைத் திறந்தீர்கள். நாங்கள் சந்தோஷப்பட்டோம். எங்கள் குரல் கேட்டுவிட்டது என்றுகூட நினைத்தோம்.

அதுவரை கதவு மூடியிருந்ததன் உண்மைக் காரணம் 2021 மே மாதம், கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் எபிக்கும் ஆப்பிளும் மோதிய வழக்கில் வெளியே வந்தது. நீங்கள் அந்த வழக்கில் தரப்பே இல்லை. ஆனால் உங்கள் நிறுவனத்துக்கும் எபிக்கும் இடையே போன மின்னஞ்சல்கள் சாட்சியங்களில் இருந்தன. கிராஸ்பிளேயை அனுமதித்தால், பெயரெல்லாம் சோனிக்கே வருகிற மாதிரி அறிவிக்கிறோம் என்று எபிக் கெஞ்சாத குறையாக எழுதியிருந்தது. பல நிறுவனங்கள் இதைக் கேட்கின்றன, ஆனால் இதனால் பிளேஸ்டேஷன் வியாபாரம் எப்படி மேம்படும் என்று ஒருவராலும் விளக்க முடியவில்லை என்று உங்கள் தரப்பிலிருந்து பதில் போயிருந்தது. அந்தப் பதிலில் குழந்தைகள் பாதுகாப்பு பற்றிப் பேச்சில்லை.

அதே வழக்கில்தான் 2019-ஆம் ஆண்டின் உங்கள் கொள்கை ஆவணமும் வந்தது. சேர்ந்து விளையாட விடலாம், ஆனால் கணக்குப் பார்ப்போம் என்பதுதான் அதன் சாரம். ஒரு கேமின் மொத்த வருமானத்தில் பிளேஸ்டேஷன் ஸ்டோர் என்ற உங்கள் இணையக் கடை வழியாக வந்த பங்கு எவ்வளவு, மொத்த விளையாட்டு நேரத்தில் பிளேஸ்டேஷனில் கழிந்த பங்கு எவ்வளவு என்று பார்த்தீர்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வருவது 0.85-க்குக் கீழே போனால், கேமை வெளியிட்ட நிறுவனம் உங்களுக்குக் கூடுதலாக ராயல்டி கட்ட வேண்டும் என்றது அந்த ஆவணம். உதாரணமாக, நேரத்தில் 90 சதவீதம் பிளேஸ்டேஷனில், வருமானத்தில் 60 சதவீதம்தான் உங்கள் ஸ்டோரில் என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 90-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.67. பணம் கட்ட வேண்டும். வருமானம் 80 சதவீதமாக இருந்தால் 0.89, தப்பித்தார்கள். கேமுக்குள் வாங்கும் நாணயங்களை பிளேஸ்டேஷனிலிருந்து வெளியே கொண்டுபோகவோ வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரவோ கூடாது என்ற விதியும் அதில் இருந்தது. இப்படிப் பணம் கேட்கும் கன்சோல் நிறுவனம் சோனி ஒன்றுதான் என்று எபிக் தலைவர் டிம் ஸ்வீனி சத்தியப் பிரமாணத்தின் கீழ் சொன்னார். அந்தச் சாட்சியத்துக்கு முந்தைய ஆண்டுதான், 2020-இல், நீங்கள் எபிக்கில் 25 கோடி டாலர் முதலீடு செய்திருந்தீர்கள்!

இந்த விதியின் பின்னால் ஒரு நியாயம் இருப்பது எனக்குப் புரியாமல் இல்லை. கன்சோலை உருவாக்குவதும் நெட்வொர்க்கைப் பராமரிப்பதும் நீங்கள். ஆட்டமெல்லாம் உங்கள் இடத்தில் நடந்து, கல்லா மட்டும் வேறு கடையில் நிறைந்தால் யாருக்கும் கசக்கத்தான் செய்யும். போட்டியாளர்களும் யோக்கியம் இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360 நாட்களில் மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது மைக்ரோசாஃப்ட்தான். 2016-இல் அவர்கள் மனம் மாறியபோது சந்தையில் பின்தங்கியிருந்தார்கள் என்பதும் தெரியும். பணத்தைக் கொட்டியே சோனியைத் தொழிலிலிருந்து விரட்டிவிடலாம் என்ற பொருளில் அவர்களுடைய மூத்த அதிகாரி ஒருவர் 2019-இல் எழுதிய மின்னஞ்சலும் 2023-இல் நீதிமன்றத்தில் வெளியானது. நீங்கள் போட்டி போடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போட்டிக்காகப் போட்ட விதிக்குக் குழந்தைகளைக் காரணம் காட்டியதும், பணம் வாங்குவதை எங்களிடம் சொல்லாததும்தான் குறை.

சொல்லியிருந்தால் உங்களுக்கே நல்லதாக இருந்திருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. 2023 ஜூனில், ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவது பற்றிய வழக்கில், உங்கள் ஆவணம் ஒன்றில் கறுப்பு மார்க்கரால் அழித்த எண்கள் ஸ்கேன் செய்தபோது தெரிந்துவிட்டன. உங்கள் கேம்களில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2 உருவாக 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் உருவாக 21.2 கோடி டாலர், ஐந்து ஆண்டு உழைப்பு. அந்த எண்களைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. இவ்வளவு செலவு செய்கிறவர்கள் வருமானத்தைக் காக்கப் பார்ப்பது இயல்புதானே? ஆனால் அந்த எண்களையும் மறைக்கத்தான் பார்த்தீர்கள்.

மறைத்தால் மற்றவர்கள் சொல்வதே எங்கள் காதில் விழும். மைக்ரோசாஃப்டின் சந்தா சேவையான கேம் பாஸில் கேம்களைச் சேர்க்க விடாமல் தடுக்கும் உரிமைக்காக சோனி பணம் தருகிறது என்று மைக்ரோசாஃப்ட் 2022-இல் பிரேசிலின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பிடம் எழுதிக்கொடுத்தது. அது உங்கள் எதிரியின் வாதம். முழுவதும் நம்ப நான் தயாரில்லை. உங்கள் ஒப்பந்தங்கள் எதுவும் எங்கள் கண்ணில் படாதபோது, அதை எதை வைத்து நாங்கள் மறுப்பது?

இந்தியாவில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது விலை 49,990 ரூபாய். 2022 நவம்பரில் 54,990 ஆனது. இந்த விலையில் ஒரு வீட்டில் இரண்டாவது கன்சோல் வாங்குவது அபூர்வம். நண்பர்களில் ஒருவன் உங்களுடையதை வாங்குவான், இன்னொருவன் எக்ஸ்பாக்ஸ் வாங்குவான், மற்றவர்கள் போனிலோ கணினியிலோ இருப்பார்கள். வேலைக்கு வேறு ஊர் போன பிறகு இரவில் ஒரு மணி நேரம் சேர்ந்து ஆடுவதே பல பேருக்கு மிச்சமிருக்கும் ஒரே சந்திப்பு. அந்தச் சந்திப்புக்கு ஒரு விலை வைத்து, அதை கேம் நிறுவனத்திடம் வாங்கினால், கடைசியில் அது யார் தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியும். கட்ட விரும்பாத நிறுவனம் பிளேஸ்டேஷனை மட்டும் விட்டுவிடும். 2021-இல் பார்டர்லேண்ட்ஸ் 3-க்கு கிராஸ்பிளே அப்டேட் வந்தபோது பிளேஸ்டேஷன் மட்டும் விடுபட்டது. எங்களுக்குக் கிடைக்க மேலும் ஓராண்டு ஆனது.

ஆகவே கேட்கிறேன். 0.85 விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறதா? இருந்தால் அதன் முழு வாசகத்தை உங்கள் இணையதளத்தில் போடுங்கள், கேம் நிறுவனங்களும் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச அனுமதியுங்கள். கைவிட்டிருந்தால் எப்போது என்று சொல்லுங்கள். ஒரு கேமில் கிராஸ்பிளே இல்லை என்றால், அது கேம் நிறுவனத்தின் முடிவா உங்கள் நிபந்தனையா என்பதை ஸ்டோரில், வாங்கும் பொத்தானுக்கு அருகிலேயே எழுதுங்கள். பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய நாணயம் ஒருவரின் அக்கவுன்ட்டோடு எங்கும் போகட்டும். நாணயம் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்ய உங்களுக்கு ஒரு வாரம் போதும். நாணயத்துக்குக் காலம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எப்போது முடியும் என்று ஒரு தேதியைக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கன்சோலில் விளையாடும் ஒருவன்