கல்லு மனுஷன் என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வந்த போர் நாவல்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யார் செத்தாலும் கலங்காத நாயகர்களை அதில் அவ்வளவு புகழ்ந்திருந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. அந்தக் கலங்காமையை என்னால் வீரமாகப் படிக்க முடியவில்லை.

1929ல் நூலாக வந்த எரிக் மரியா ரெமார்க்கின் முதல் உலகப்போர் நாவலில் ஒரு காட்சி. விடுப்பில் ஊருக்கு வரும் பால் என்ற இளம் சிப்பாய், இறந்துபோன பள்ளித் தோழனின் அம்மாவைப் பார்க்கப் போகிறான். அந்தத் தோழன் கால் வெட்டப்பட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தவன். பால் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஆனாலும் “உடனே உயிர் போய்விட்டது” என்று சாதிக்கிறான். சத்தியம் செய்யச் சொல்கிறாள். செய்கிறான். இத்தனை சாவுகளைப் பார்த்தபிறகு, ஒருவனுக்காக ஏன் இவ்வளவு துடிக்கிறார்கள் என்பதே அவனுக்கு விளங்கவில்லை. இருபது வயதுகூட நிரம்பாத பையனுக்கு!

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம்தான் வந்தது. 1943ல் ஜோகூர் எஸ்டேட்டிலிருந்து தம்பியோடு, ஜப்பான் ராணுவம் போருக்காகப் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குப் போனவர், தனியாகத் திரும்பினார். தம்பி காய்ச்சலில் தூக்கத்திலேயே போய்விட்டான் என்று தன் அம்மாவிடம் சொன்னார். சாகும்வரை அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. ‘கல்லு மனுஷன்’ என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். என் அம்மாவிடம் மட்டும் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னாராம். காலரா கண்ட தம்பியைத் தனிக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள்; தண்ணீர் கேட்டுக் கூப்பிட்ட குரல் காதில் விழுந்தும் இவரைக் கிட்டப் போக விடவில்லை.

ஹெமிங்வேயின் போர் நாவலும் அதே 1929ல்தான் வந்தது. காதலி பிரசவத்தில் இறந்ததும் நாயகன் மழையில் ஹோட்டலுக்கு நடந்து போகிறான், அவ்வளவுதான். அந்த முடிவை 39 தடவை திருத்தி எழுதியதாக அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். துக்கம் இல்லாத இடத்தில் எதற்கு அத்தனை பாடு?

அப்புறம் நம் புறநானூறு. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் 278ஆம் பாடல்தான் எப்போதும் முழங்கும்: வாளோடு களத்துக்குப் போய், சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்ந்த தாய். அதற்கு முந்தைய பாடலை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பூங்கணுத்திரையார் பாடியது. யானையை வீழ்த்திவிட்டு மகன் இறந்தான் என்று கேட்ட, கொக்கின் இறகுபோல் நரைத்த தாய்க்கும் ஈன்ற பொழுதைவிடப் பெரிய மகிழ்ச்சிதான். ஆனால் அவள் கண்ணீர், மழைக்குப்பின் மூங்கிலில் தொங்கும் துளிகளைவிட அதிகம் என்கிறார் புலவர்.

கட்டுரை தொடரும் என்று போட்டிருந்தீர்கள். அடுத்த பகுதியில் அந்த 277ஆம் பாடலை உரையோடு முழுசாக வெளியிடுங்கள். என் பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தோ பாயோ