கோரிக்கை மனு: ஒரு நாள் அளவை வைத்து எங்கள் கரையை முடிவு செய்ய வேண்டாம்

அனுப்புநர்:
ஊர்ச் செயலாளர்,
மீனவர் கிராமப் பஞ்சாயத்து,
பழவேற்காடு பகுதி, பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: கடலரிப்பு ஆய்வுக்காகக் கரையை மாதந்தோறும் அளப்பது, மீனவர் பொது இடங்களைக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் காட்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மார்ச்சில் எங்கள் கரையை அளக்க இரண்டு பேர் வந்தார்கள். கம்பில் கருவியை மாட்டி, ஒரே முற்பகலில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்று கரை அகலமாகத்தான் இருந்தது. மாசி, பங்குனியில் எப்போதும் அப்படித்தான். அதே இடத்துக்குக் கார்த்திகையில் வந்திருந்தால், கம்பு நட மணல் இருந்திருக்காது. படகுகளையே அப்போது தெருவில்தான் ஏற்றி வைப்போம்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கோயில் தூணில் பழைய வலைக்கயிற்றைக் கட்டி, அலை தொடும் இடம் வரை இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போடுவார். மாசி முடிச்சுக்கும் கார்த்திகை முடிச்சுக்கும் நடுவே மூன்று ஃபைபர் படகுகளை வரிசையாக நிறுத்தலாம். இவற்றில் எதை எங்கள் கரை என்று அரசு எழுதிக்கொள்ளும்?

கடல் நீரோட்டத்தை நாங்கள் வெள்ளம் என்போம். தென்றல் காலத்தில் தெண்டி வெள்ளம் மணலை வடக்கே கொண்டுபோகும். வாடைக் காலத்தில் வன்னி வெள்ளம் தெற்கே திருப்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கல்லைக் கொட்டினால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் கடல் தின்னும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் கரைந்ததும் இப்படித்தான். எங்களுக்குத் தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் அலைத்தடுப்புச் சுவர்கள் இருக்கின்றன. எங்கள் கரை கரைவதில் அவற்றின் பங்கு எவ்வளவு, கடல்மட்ட உயர்வின் பங்கு எவ்வளவு என்பதை வருடம் முழுக்க அளந்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். 'எல்லாம் காலநிலை மாற்றம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால் யாருக்கும் பொறுப்பு இல்லாமல் போய்விடும்.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகச் சொல்லியிருக்கிறது. அதை நாங்கள் மறுக்கவில்லை. மாநிலம் முழுவதற்கும் அது போதும், எங்கள் தெருவுக்குப் போதாது.

வரைபடத்திலும் இதே சங்கடம்தான். கரையில் எங்கே என்ன செய்யலாம் என்று காட்டும் மேலாண்மைத் திட்ட வரைபடம் 1:25,000 அளவில் இருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். நாங்கள் வலை பழுது பார்க்கும் இடம் பேனா முனையில் மறைந்துவிடும். மீனவ கிராமங்களையும் மீன் காயவைக்கும் இடங்களையும் மீனவர் பொது இடங்களையும் கிராம அளவிலான பெரிய வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே சொல்கிறது. காட்டாத இடம் நாளைக்குக் காலி இடம் என்றாகிவிடும். அங்கே சவுக்கு நடலாம் என்று யாராவது திட்டம் போடுவார்கள். சவுக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, பெண்கள் கருவாடு காயப்போடும் மணலில் வேண்டாம் என்கிறோம்.

மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தின் இயக்குநரும் தாங்களே என்பதால் தங்களிடமே கேட்கிறோம். முகத்துவாரத்துக்கு இரு பக்கமும் உள்ள ஊர்களில் அசையாத கல் நட்டு, அதிலிருந்து அலை வரை மாதம் ஒருமுறை, கடலின் ஏற்ற இறக்கம் ஒரே நிலையில் இருக்கும்போது அளக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அளக்க எங்கள் பிள்ளைகள் இருவரைத் தருகிறோம். முறையை ஆராய்ச்சி மையத்தார் சொல்லிக்கொடுத்தால் போதும். கிடைக்கும் அளவுகளைத் தமிழில் எழுதி ஊர்ப் பலகையில் ஒட்ட வேண்டும். 1:4,000 அளவில் ஊர் வரைபடம் தயாரிக்கும்போது எங்களோடு கரையில் நடந்து, இடங்களைக் கேட்டு எழுத வேண்டும். ஒரு வருட அளவு கைக்கு வரும்வரை எங்கள் பகுதியில் புதிதாகக் கல் கொட்டும் வேலைக்கு அனுமதி தர வேண்டாம்.

பெரியவரின் கயிற்றை இத்துடன் இணைக்க முடியவில்லை, அவர் தர மறுத்துவிட்டார். முடிச்சுகளின் அளவைப் பாகக் கணக்கில் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறோம். ஐப்பசி அமாவாசைக்கு முன் கல் நட்டுவிட்டால் இந்த வாடையையும் அளந்துவிடலாம்.

இப்படிக்கு,
ஊர்ப் பஞ்சாயத்தார் சார்பில்,
ஊர்ச் செயலாளர்.